பழைய லென்ஸுக்கு வைத்தியம்

இணையத்தில் விற்பனைக்கு வரும் பழைய லென்ஸ்களில் அதிகம் கைமாறுபவற்றுள் ஒன்று ஹெலியோஸ் 44-2. 1930களில் ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஜைஸ் நிறுவனம் உருவாக்கிய பயோட்டார் லென்ஸின் வடிவமைப்பை வைத்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் நாட்டில் தயாரிக்கப்பட்டது இது. மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் ஆலை ஜெனிட் கேமராக்களோடு சேர்த்து இதை லட்சக்கணக்கில் விற்றது. 58 மி.மீ. குவியத் தூரம், எஃப்/2 துவாரம், நான்கு தொகுதிகளாக அமைந்த ஆறு கண்ணாடிகள், துவாரத்தைச் சுருக்கும் எட்டு இதழ்கள். பின்னணியைச் சுழலாகக் கலக்கிக் காட்டும் இதன் குணம் அந்தக் காலத்தில் குறையாகப் பார்க்கப்பட்டது. இன்று அதற்காகவே வாங்குகிறார்கள். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரிப்பு ஆண்டைச் சொல்லும். 78 என்று தொடங்கினால் 1978.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு எங்கெங்கோ அலமாரிகளில் கிடந்த பொருள் பழுதோடு வந்து சேர்வதில் வியப்பில்லை. விற்பவர் ‘நல்ல நிலை’ என்று எழுதியிருந்தாலும், படங்களில் தெரிவது பெரும்பாலும் வெளித்தோற்றம்தான். அதனால் பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துவிட வேண்டும். திருப்பி அனுப்புவதா, பழுதுபார்ப்பதா என்பதை முதல் திருகைத் தொடும் முன் முடிவு செய்வது முக்கியம். திறந்துவிட்ட லென்ஸைத் திரும்பப் பெற எந்த விற்பனையாளரும் எளிதில் சம்மதிக்க மாட்டார்.

சோதனைக்கு ஒரு டார்ச் விளக்கு போதும். துவாரத்தை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளியைப் பாய்ச்சி, முன்பக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். இந்த வெளிச்சத்தில் எந்த லென்ஸும் அழுக்காகத்தான் தெரியும். நாலைந்து தூசிகளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சிலந்தி வலைபோலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுதும் மூச்சுக்காற்று பட்டதுபோல் மங்கியிருந்தால், பழைய கிரீஸ் ஆவியாகிப் படிந்த படலமாக இருக்கலாம். ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டுகள் தெரிந்தால்தான் சங்கடம். இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டிய பசை விட்டுப்போகிறது என்று அதற்குப் பொருள். பழைய லென்ஸ்கள் பலவற்றில் இந்தப் பசை கனடா பால்சம் என்ற மரப்பிசின். அதைச் சூடாக்கிப் பிரித்து, அச்சு பிசகாமல் மறுபடி ஒட்டுவது வீட்டில் நடக்கிற காரியம் அல்ல. ஹெலியோஸ் விலைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும் சேதம் பல நேரம் படத்தைக் கெடுப்பதில்லை. முன்கண்ணாடியில் விழுந்த ஒரு கீறல் படத்தில் அநேகமாகத் தெரியாது. ஆழமான கீறலில் கறுப்பு மையை நிரப்பி ஒளிச்சிதறலைக் குறைப்பது பழைய உத்தி. பின்கண்ணாடிக் கீறல் அப்படி இல்லை, அது சிறிதானாலும் படத்தில் காட்டிக்கொடுக்கும். இதழ்களில் எண்ணெய் படிந்திருப்பதும் லென்ஸைப் பொறுத்தது. 44-2இல் துவாரத்தைக் கையால் திருப்பித்தான் சுருக்க வேண்டும் என்பதால் எண்ணெய் பெரிய தடையாகாது. பின்னால் வந்த 44எம் வகையில் இதழ்கள் தாமாக நொடியில் மூடித் திறக்க வேண்டியவை. அங்கே எண்ணெய் அவற்றை ஒட்டவைத்துவிடும்.

தூரத்துக் காட்சி தெளியவில்லை என்றால் உடனே லென்ஸைக் குற்றம் சொல்லக் கூடாது. 42 மி.மீ. மரை கொண்ட இந்த வகை லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். நிக்கான் எஸ்எல்ஆர் கேமராவில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. என்பதால், வெறும் அடாப்டரோடு மாட்டினால் எந்த ஹெலியோஸும் தொலைதூரத்தை எட்டாது. சோனியின் மிரர்லெஸ் கேமராவில் 18 மி.மீ. மட்டுமே; அங்கே தாராளமாக இடம் உண்டு. ஆக, அடாப்டரைச் சோதித்த பிறகே லென்ஸைத் திறக்க வேண்டும்.

திறப்பதற்குத் தேவையானவை: பள்ளங்களில் பொருந்தும் லென்ஸ் ஸ்பேனர், முன்வளையத்தைப் பிடித்துச் சுழற்ற ஒரு ரப்பர் வளையம், நகைக் கடைக்காரர் வைத்திருப்பதுபோன்ற நுண்ணிய ஸ்க்ரூடிரைவர்கள், கழற்றியதை வரிசையாக வைக்க ஒரு தட்டு. ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும். (முன்கண்ணாடியை வேண்டுமென்றே தலைகீழாக மாட்டி, கனவுபோல் கலங்கிய படம் எடுப்பவர்களும் உண்டு.) இறுகிய வளையத்தைப் பலம் கொடுத்துத் திருப்பும்போது ஸ்பேனர் வழுக்கிக் கண்ணாடியைக் கீறிவிடும். வளையத்தைப் பூட்டியிருக்கும் அரக்கில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுக் காத்திருந்தால் தானே இளகும். அந்தச் சொட்டு பெயின்ட்டின் மேல் படக் கூடாது.

இளம் பூஞ்சையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய தாளால் துடைத்தாலே போய்விடும். அது போன பிறகும் வலைபோன்ற தடம் இருந்தால், பூஞ்சை சுரந்த அமிலம் கண்ணாடியின் மேலுள்ள பூச்சை அரித்துவிட்டது என்று பொருள். அதைத் தேய்த்துப் போக்க முயன்றால் மிச்சமிருக்கும் பூச்சும் போகும்.

கற்றுக்குட்டிகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் ஃபோகஸ் மரை. மெழுகுபோல் உறைந்த பழைய கிரீஸால் ஃபோகஸ் வளையம் திரும்பாமல் நிற்கும்போது, தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடத் தோன்றும். சில நாள் சுகமாகச் சுழலும். பிறகு அந்த எண்ணெய் வழிந்து இதழ்களுக்கும் கண்ணாடிக்கும் போய்ச் சேரும். மரைகளை முழுதும் பிரித்து, லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலால் கழுவி, இதற்கென விற்கும் கிரீஸைச் சிக்கனமாகத் தடவுவதே சரியான வழி. இந்த மரையில் தொடக்கப் புள்ளிகள் பல உண்டு. இரண்டு பாகமும் எந்த இடத்தில் விடுபட்டன என்று கூரான ஊசியால் குறியிடாமல் பிரித்தால், மீண்டும் பூட்டும்போது ஒவ்வொரு தொடக்கமாக முயன்று பார்த்து மாலைப் பொழுது கழியும். பூட்டியபின் தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தையோ நிலவையோ ஃபோகஸ் செய்து, ஃபோகஸ் வளையத்திலுள்ள சிறு திருகுகளைத் தளர்த்தி ∞ குறியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கேமரா மெக்கானிக்கிடம் கொடுப்பதானால் கூலியை முதலில் கேட்டுவிடுவது நல்லது. சாதாரண ஹெலியோஸுக்கு அது இன்னொரு லென்ஸின் விலையைத் தொட்டுவிடலாம். கிரீஸ் மாற்றுவதும் பூஞ்சை துடைப்பதும் அந்தக் கூலிக்குத் தகும். பசை விட்ட லென்ஸை உதிரிப் பாகங்களுக்காக வைத்துக்கொண்டு வேறொன்று வாங்குவதே லாபம்.

சரியான லென்ஸையும் சென்னை போன்ற கடலோர ஊரின் மழைக்கால ஈரம் மறுபடி கெடுக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் இருந்தால் போதும். லென்ஸோடு வந்த அழகான பழைய தோல் உறையை மட்டும் அந்த டப்பாவுக்குள் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சை வித்துகளும் அதில் தங்கியிருக்கும்.