முதுகுக் குளிர்: அன்றும் இன்றும்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடுவழியை ஒரே மூச்சாக நடந்து முடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் தெற்கு முனையில் கிளம்புகிறார்கள். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரம் வரை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். வடக்கே குளிர்காலம் மறுபடி வந்து வழியை அடைப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமானால், தெற்கே குளிர் முழுதாக விலகும் முன்பே புறப்பட்டாக வேண்டும். அதனால் முதல் சில வாரங்களில் தண்ணீர்க் குப்பி உறைந்துபோகும் இரவுகள் சாதாரணம். கிரேட் ஸ்மோக்கி மலைகளில் 2,025 மீட்டர் உயரமுள்ள குவோஹியை ஒட்டிப் பாதை போகிறது. அங்கே ஏப்ரலிலும் பனி விழும்.

1990களின் இறுதிவரை இந்த வழியில் ஹேமக் கட்டித் தூங்குவதைக் கோடைக்கு மட்டும் உரியதாகத்தான் பார்த்தார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு நைலான் துணி, மேலே ஒரு தார்ப்பாய். பெரியவர்களுக்கான தூளி என்றே சொல்லிவிடலாம். கல்லும் வேரும் நிறைந்த சரிவில்கூட முதுகு வலிக்காமல் படுக்கலாம், மழைநீர் அடியில் ஓடினாலும் கவலை இல்லை. ஆனால் குளிர் என்று வந்துவிட்டால் தரையில் கூடாரம் போட்டவர்தான் பிழைத்தார். இன்று உறைநிலைக்கு வெகு கீழேயும் ஹேமக்கில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இதற்கிடையில் புதிய இழை எதையும் யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. உள்ளே இருந்த போர்வையை எடுத்து வெளியே கட்டினார்கள். இந்தப் பெரிய மாற்றத்துக்கு இவ்வளவு சிறிய இடமாற்றம் போதுமானதாக இருந்தது என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

காரணம் எளியது. வாத்துத் தூவி அடைத்த ஸ்லீப்பிங் பேக்கில் நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது தூவி அல்ல. அந்தத் தூவி விரிந்து தனக்குள் பிடித்து வைத்திருக்கும் அசையாத காற்று. மேலே படர்ந்திருக்கும் தூவி உப்பி நிற்கும். உடம்புக்குக் கீழே இருப்பதோ எடையில் நசுங்கி, வெறும் இரண்டு துணிகளாகிவிடும். தரையில் படுப்பவருக்கு இது பெரிய இழப்பில்லை. அடியில் விரித்த நுரைப்பாய் அந்த வேலையைச் செய்துவிடும். ஹேமக்கில் முதுகுக்கும் காட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றை நைலான் துணி. அதன் அடியில் காற்று இரவு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது, உடம்புச் சூட்டை வழித்துக்கொண்டே போகிறது. 20 டிகிரி செல்சியஸ் என்பது நம் ஊரில் இதமான இரவு. அந்த வெப்பநிலையிலேயே ஹேமக்கில் பலருக்கு விடியற்காலையில் இடுப்பும் முதுகும் சில்லிட்டுவிடும். மேலே எத்தனை போர்த்தினாலும் அந்தக் குளிர் போகாது.

அன்று இதற்கு இருந்த வழி, தரையில் விரிக்கும் அதே நுரைப்பாயை ஹேமக்குக்குள் போட்டுக்கொள்வது. 50 சென்டிமீட்டர் அகலப் பாய் தட்டையான தரைக்காகச் செய்யப்பட்டது. ஹேமக் தோள்களைச் சுற்றி மடிந்து அணைக்கும்; பாயின் விளிம்பைத் தாண்டிய தோளும் முழங்கையும் குளிரில் விறைக்கும். புரண்டு படுத்தால் பாய் ஒரு பக்கம் வழுக்கிப் போகும், அதை இருட்டில் இழுத்துச் சரிசெய்தால் மறுபக்கம் எழும்பும். மூடிய நுரை காற்றை விடாது என்பதால் முதுகில் வியர்வை கோர்த்து, பின்னிரவில் அந்த ஈரமே குளிரும். கார் கண்ணாடிக்கு வெயில் மறைப்பாக வைக்கும் பளபளப்பான தாளை மடித்து அடியில் போட்டவர்கள் உண்டு. இரட்டைத் துணி ஹேமக்கின் நடுவே காய்ந்த இலைகளைத் திணித்தவர்களும் உண்டு. இத்தனை பாடுபட்டும் சிலர் ஹேமக்கை விடாமல் வைத்திருந்தார்கள் என்றால், அந்தப் படுக்கையின் சுகம் எத்தகையது என்று புரிந்துகொள்ளலாம்.

கீழிருந்து வரும் குளிர் இவர்கள் புதிதாகச் சந்தித்தது அல்ல. 16ஆம் நூற்றாண்டில் பிரேசில் கரையில் துப்பினம்பா மக்களிடம் சிறைப்பட்டிருந்த ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜெர்மானியர், 1557இல் வெளியிட்ட நூலில் அவர்களுடைய பருத்தித் தொங்குபடுக்கைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவில் அவற்றின் அருகே நெருப்பு அணையாமல் வைத்திருப்பார்களாம். வெப்பமண்டலத்திலும் தொங்கும் படுக்கைக்குப் பக்கத்தில் அனல் தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் படுக்கையை ஐரோப்பியர் கப்பலுக்குள் கொண்டுபோனபோது நெருப்பை விட்டுவிட்டார்கள். மரக் கப்பலில் வேறென்ன செய்வது? ஆங்கிலேயக் கடற்படையில் கான்வாஸ் ஹேமக்குக்குள் ஒரு மெல்லிய மெத்தையைப் போட்டார்கள். ஆளுக்கு 14 அங்குல அகலம்தான் இடம். நூற்றுக்கணக்கான உடம்புகள் நெருக்கியடித்துத் தொங்கும் கீழ்த்தளத்தில் அந்த நெருக்கமே ஒரு போர்வை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்காக அமெரிக்க ராணுவம் செய்த காட்டு ஹேமக்குக்குக் கொசுவலை இருந்தது, மழைக்கூரை இருந்தது. குளிருக்கு எதுவும் இல்லை. அது போன இடத்தில் தேவைப்படவும் இல்லை. மலைக்காட்டில், தனியாக, நெருப்பில்லாமல், உறைபனியில் தொங்கித் தூங்க வேண்டும் என்ற ஆசை பிற்காலத்தில் பிறந்தது.

அந்த ஆசைக்குப் பதில் 2000களின் முதல் சில ஆண்டுகளில் வந்தது, பெரும்பாலும் வீட்டுத் தையல் எந்திரங்களிலிருந்து. எட் ஸ்பீயர் 2003இல் ஹேமக் முகாம் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். ஹேமக்கையே முழுதாக உள்ளே வைத்து மூடும் ஓர் உறையையும் செய்து விற்றார். வர்ஜீனியாவின் ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்ற சிறு நிறுவனம் தூவிப் போர்வையை ஹேமக்குக்கு அடியில் தொங்கவிட்டு விற்றது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொடுத்த செயற்கைப் பஞ்சுப் போர்வையை வாங்கி, ஓரங்களில் கயிறு கோர்த்து அடியில் கட்டிக்கொண்ட எளியவர்கள் இன்னும் அதிகம். அண்டர்குவில்ட் என்று அவர்கள் அழைத்ததை இங்கே அடிப்போர்வை என்கிறேன். அதன் மேல் யாரும் படுப்பதில்லை, அதனால் தூவி நசுங்குவதில்லை. ஹேமக் துணியின் வெளிப்புறத்தில், முதுகின் வளைவை ஒட்டி, உப்பியபடியே தொங்குகிறது. அவ்வளவுதான் அதன் தத்துவம்.

ஆனால் தொங்கும் போர்வையை ஒட்டியிருக்கச் செய்வது ஒரு கைவேலை. பாயை உள்ளே போட்டால் அது உடம்போடு ஒட்டித்தான் இருக்கும். வெளியே கட்டிய போர்வைக்கும் துணிக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விழுந்தால் போதும், அங்கே குளிர்காற்று குடியேறிவிடும். தூவி எவ்வளவு உயர்ந்ததானாலும் பயனில்லை.

முதலில் ஹேமக்கை ஒழுங்காகக் கட்ட வேண்டும். கட்டும் பட்டை தரைக்கு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. இரு முனைகளையும் இணைக்கும் மேற்கயிறு ஹேமக் நீளத்தில் 83 சதவீதம். 11 அடி ஹேமக்குக்கு 9 அடிக்குச் சற்றுக் கூடுதல். இந்தக் கயிறு இருந்தால் எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு மாறாது. தொய்வு மாறாவிட்டால் நேற்றுச் சரிசெய்த அடிப்போர்வை இன்றும் பொருந்தும்.

பிறகு போர்வையின் இரு முனைகளிலிருந்தும் வரும் எலாஸ்டிக் கயிறுகளை ஹேமக்கின் இரு முனைகளிலும் மாட்ட வேண்டும். இதன் இழுவிசையில்தான் எல்லாம் இருக்கிறது. ஆள் ஏறாத ஹேமக்கில் போர்வை அடியில் ஒட்டி நிற்க வேண்டும். ஆள் படுத்ததும் துணி இறங்கும், எலாஸ்டிக் நீண்டு போர்வையும் கூடவே இறங்கும். கயிறு மிகத் தளர்ந்தால் இடுப்புக்கடியில் போர்வை தொங்கிப்போய்க் குழி விழும். மிக இறுகினாலோ போர்வை முதுகில் அழுந்தி, நசுங்கக் கூடாது என்று வெளியே கொண்டுவந்த தூவியே நசுங்கும். வெளியே நின்று பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. தூங்கும்போது படுப்பது போலவே சற்றுக் குறுக்குவாட்டில் படுத்து, கையை விளிம்புக்கு வெளியே விட்டு, துணிக்கும் போர்வைக்கும் நடுவே நுழைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். தோள், முதுகு, இடுப்பு என எங்கும் போர்வை மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால் சரி. நண்பரொருவர் உடன் இருந்தால் அவரை அடியிலிருந்து தடவிப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. கைக்கு எட்டாத இடங்களும் அவருக்குத் தெரியும்.

அடுத்தது முனைகளில் இருக்கும் சுருக்குக் கயிறு. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. குளிர் உள்ளே வரக் கூடாது என்று அதை இறுக்கி முடிந்துவிடுகிறார்கள். அப்படி இறுக்கினால் போர்வையின் முனை சுருங்கித் திரண்டு, நடுப்பகுதி துணியை விட்டு விலகித் தொங்கத் தொடங்கும். அடைக்கப் போன இடைவெளி வேறொரு இடத்தில் திறக்கும். தோளுக்கு அருகே விரல் போகாத அளவுக்கு மெல்லச் சுருக்கினால் போதும்.

குளிர் எங்கே அடிக்கிறது என்பதே கோளாறு எங்கே என்பதையும் சொல்லிவிடும். இடுப்பில் மட்டும் சில்லென்று ஒரு வட்டம் இருந்தால் அங்கே இடைவெளி; எலாஸ்டிக்கைச் சற்று இழுக்க வேண்டும். தோளில் என்றால் போர்வை கால்பக்கம் நகர்ந்திருக்கிறது. தலைப்பக்கக் கயிற்றை இறுக்கி, கால்பக்கம் அதே அளவு விட வேண்டும். ஏறி இறங்கும்போதெல்லாம் இப்படி நகர்வது இயல்பு. முதுகு முழுக்கச் சீராகக் குளிர்ந்தால் ஒன்று தூவி அழுந்தியிருக்கிறது, அல்லது அந்த இரவுக்கு அந்தப் போர்வையே போதாது. விட்டு விட்டுக் குளிர்ந்தால் அது காற்று. தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் தாழ இறக்கிக் கட்ட வேண்டும். எலாஸ்டிக் கயிறு காலப்போக்கில் துவண்டுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு நன்றாக இருந்த போர்வை காரணமில்லாமல் குளிர்வதாகத் தோன்றினால், தூவியைக் குறை சொல்லும் முன் கயிற்றை மாற்றிப் பார்க்கலாம்.

இன்று இந்த வேலையில் பாதியைத் தைப்பவர்களே முடித்துக் கொடுக்கிறார்கள். வெளித்துணியை உள்துணியைவிடப் பெரிதாக வெட்டுவதால், வளைந்து தொங்கும்போதும் தூவிக்கு இடம் இருக்கிறது. ஹேமக்கின் குறுக்குப் படுக்கைக்கு ஏற்றபடி வடிவம் வெட்டிய போர்வைகளும் வந்துவிட்டன. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. நல்ல தூவிப் போர்வையின் விலைதான் 200 டாலரைத் தாண்டுகிறது. ஒருகாலத்தில் தானே தைத்தவருக்குத் தன் போர்வையின் ஒவ்வொரு கயிறும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. பெட்டியில் வந்ததை மாட்டுகிறவருக்கு அந்த அறிவு தானாக வருவதில்லை. குளிர்ந்தால் இன்னும் தடிமனான போர்வை வாங்குகிறார். நான்கு விரற்கடை எலாஸ்டிக்கை இழுத்திருந்தால் தீர்ந்திருக்கும். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். முதல் இரவைக் காட்டில் கழிக்காமல் வீட்டுத் தோட்டத்தில் கட்டி, கயிற்றை மாற்றி மாற்றிப் பார்த்துப் பழகச் சொல்வேன். தப்பினால் பத்தடியில் வீடு இருக்கிறது.

சுமையைக் குறைக்க நினைக்கும் நெடுநடையர்கள் முக்கால் நீளப் போர்வையையே எடுத்துப் போகிறார்கள். அது தோளிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வரும். பாதங்களுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. அங்கேதான் பழைய நுரைப்பாய் மிச்சம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு முழம் வெட்டிக் காலடியில் போட்டுக்கொள்கிறார்கள். கால்கள் அதிகம் புரளாததால் அது வழுக்குவதில்லை, வியர்ப்பதும் இல்லை. பகலில் அதே துண்டு, சாப்பிட உட்காரும்போது ஈரக் கட்டைமேல் போட்டுக்கொள்ளும் இருக்கை.