எல்லை தாண்டியதா கட்டி?

ஒருவரின் சிறுநீரகத்தில் 9 செ.மீ. புற்றுக்கட்டி. இன்னொருவருக்கு 5 செ.மீ.தான். ஆனால் பெரிய கட்டி இரண்டாம் நிலை என்றும் சின்னது மூன்றாம் நிலை என்றும் அறிக்கை வரலாம். சின்னக் கட்டி சிறுநீரகச் சிரைக்குள் நுழைந்துவிட்டிருந்தால் கணக்கு அப்படித்தான் மாறும்.

1969-இல் டொராண்டோவில் ராப்சன் குழுவினர் வெளியிட்ட, நோயின் நிலையைப் பிரிக்கும் பழைய முறை கட்டியின் அளவைக் கண்டுகொள்ளவே இல்லை. எதுவரை பரவியிருக்கிறது என்று மட்டும் பார்த்தது. இன்றைய டி.என்.எம். (கட்டி, நிணநீர் முடிச்சு, தொலைவுப் பரவல்) முறை அளவையும் சேர்த்துக்கொள்கிறது.

சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கிய, 7 செ.மீ.க்கு மேற்படாத கட்டி முதல் நிலை. அதிலும் 4 செ.மீ.க்கு உட்பட்டது என்றால், பெரும்பாலும் கட்டியை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம். 7 செ.மீ.யைத் தாண்டியும் உள்ளேயே இருந்தால் இரண்டாம் நிலை.

மூன்றாம் நிலையில்தான் இந்த நோயின் விசித்திரமான குணம் தெரிகிறது. சுற்றியுள்ள கொழுப்பிலோ அருகிலுள்ள நிணநீர் முடிச்சிலோ பரவுவதோடு, இது ரத்தக்குழாய்க்குள்ளேயே வளரும். சிறுநீரகச் சிரையிலிருந்து பெருஞ்சிரையில் ஏறி, சிலருக்கு இதயத்தின் வலது மேலறை வரை போய்விடும். கேட்கவே பதறுகிறது. ஆனாலும் வேறு உறுப்புகளுக்குப் பரவாதவரை அது மூன்றாம் நிலைதான். சிறுநீரக அறுவை மருத்துவரும் இதய அறுவை மருத்துவரும் சேர்ந்து நின்று அதை முழுதாக அகற்ற முடிகிறது.

சிறுநீரகத்தையும் சுற்றியுள்ள கொழுப்பையும் சேர்த்துப் போர்த்தியிருக்கும் வெளியுறையைத் துளைத்தாலோ, அட்ரீனல் சுரப்பிக்குள் நேரடியாகப் புகுந்தாலோ, நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை என்று தொலைவில் பரவினாலோ நான்காம் நிலை.

அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, கட்டி சிறுநீரகத்துக்குள் இருக்கும்போதே கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 10-க்கு 9 பேர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். தொலைவில் பரவியபின் கண்டறியப்பட்டவர்களில் 5-க்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் இவை முந்தைய ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு. 2006-இல் சுனிட்டினிப் என்ற வாய்வழி மருந்தும் 2015-இல் நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தும் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றபின் நான்காம் நிலைக்கும் சிகிச்சை வழிகள் பெருகியுள்ளன. 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று வீட்டாரே முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னொன்று. பயாப்சி அறிக்கையில் 'கிரேடு 3' என்றிருப்பதை ஸ்டேஜ் 3, அதாவது மூன்றாம் நிலை, என்று படித்துவிட்டுக் கலங்கிப்போகிறவர்கள் உண்டு. கிரேடு என்பது நுண்ணோக்கியில் புற்றணுக்கள் எவ்வளவு மாறிப்போய்த் தெரிகின்றன என்பது. முதல் நிலைக் கட்டியிலும் கிரேடு 3 வரலாம். இரண்டையும் தனித்தனியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.