படப்புள்ளியும் அச்சுப்புள்ளியும்

நுழையும்முன்

கைப்பேசித் திரையில் ஒளிரும் ஒளிப்படம், தாளில் அச்சேறியதும் மங்கிவிடுவது உண்டு. விளிம்புகள் படிக்கட்டுகளாக உடைகின்றன. முகத்தின் நுண்கோடுகள் மறைகின்றன. அச்சுப்பொறியைக் குறைகூறுவது எளிது. ஆனால், குறை பெரும்பாலும் அச்சகத்திற்கு வெளியே, படம் எடுக்கப்பட்ட நொடியிலோ அனுப்பப்பட்ட வழியிலோ தோன்றிவிடுகிறது. அதனைக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தறியில் ஒரு பாடம்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பகுதியில் அமைந்த பேரூராட்சி சுந்தரபாண்டியம். திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அதன் அண்டை நகரங்கள். கைத்தறி நெசவாளர்கள் வாழும் ஊர் இது. அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசியும் இதே மாவட்டத்தில்தான் உள்ளது. ஆகவே, தறியில் நெய்த சேலை ஒன்று ஒளிப்படமாகி, அச்சகத்தில் விளக்க ஏடாக உருப்பெற நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

அத்தகைய ஏடு ஒன்றை ஒரு நெசவாளர் குழு அச்சிட விரும்புகிறது எனக் கொள்க. சேலையைத் தொட்டுப் பார்க்க இயலாத தொலைவில் இருப்பவர், படத்தைப் பார்த்தே அதை மதிப்பிடுவார். இழையின் நெருக்கமும் கரையின் நேர்த்தியும் படத்தில் புலப்படாவிட்டால், கைத்தறிச் சேலையும் விசைத்தறிச் சேலையும் அவருக்கு ஒன்றாகவே தோன்றும். பல நாள் உழைப்பு ஒரு மங்கலான படத்தால் மதிப்பிழக்கும். படத்தின் தெளிவு இங்கு அழகு பற்றியது மட்டுமன்று. பிழைப்பு பற்றியதும் ஆகும்.

எண்மப் படத்தின் இயல்பைத் தறியே கற்பிக்கிறது. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக இணைந்து துணியாவதைப் போல, சிறு கட்டங்கள் வரிசையும் நிரலுமாக அடுக்கப்பட்டு எண்மப் படமாகின்றன. பிக்சல் எனப்படும் இக்கட்டமே படப்புள்ளி. ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரே ஒரு நிறத்தை மட்டும் தாங்கும். 1957ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் ரசல் கிர்ச் தம் கைக்குழந்தையின் ஒளிப்படத்தைக் கணினிக்குள் செலுத்தியபோது, அப்படம் 176 வரிசைகளும் 176 நிரல்களும் கொண்டிருந்தது. மொத்தம் 30,976 புள்ளிகள். இன்றைய கைப்பேசிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளில் படம் எடுக்கின்றன. எண்ணிக்கை பெருகியிருக்கிறது, அடிப்படை மாறவில்லை.

அச்சகத்தின் புள்ளிகள்

அச்சு இயந்திரத்தால் ஒரு மையை மெலிதாகவும் அடர்த்தியாகவும் மாற்றி மாற்றிப் பூச இயலாது. ஓரிடத்தில் மை படியும் அல்லது படியாது. எனவே, சாம்பல் நிறத்தைக் காட்டச் சிறிய கரும்புள்ளிகளும், அடர்நிழலைக் காட்டப் பெரிய கரும்புள்ளிகளும் அச்சிடப்படுகின்றன. கண் அவற்றைக் கலந்து ஒரே சாயலாகக் காண்கிறது. ஆஃப்டோன் எனப்படும் முறை இதுவே. வண்ண அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் தனித்தனிப் புள்ளி வரிசைகளாக, வெவ்வேறு கோணங்களில் தாளில் படிகின்றன.

இம்முறையைச் செம்மைப்படுத்திய இந்தியர்களுள் குறிப்பிடத்தக்கவர் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி. தாம் எழுதிய சிறுவர் நூலில் ஓவியங்கள் சிதைந்து அச்சானதைக் கண்டு மனம் வருந்திய அவர், இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்துக் கொல்கத்தாவில் ஆய்வில் இறங்கினார். ஆஃப்டோன் நுட்பம் பற்றிய அவருடைய கட்டுரைகள் இங்கிலாந்தின் பென்ரோசு ஆண்டுமலரில் வெளிவந்தன. திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் அவருடைய பேரன். அச்சில் நேர்ந்த ஒரு குறையைப் பிறர்மீது சுமத்தாமல், அதன் காரணத்தைத் தேடிச் சென்றதே அவருடைய பெருமை.

சிவகாசியின் அச்சுத்தொழில் தீப்பெட்டித் தொழிலின் துணையாக வளர்ந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிகளுக்கு வண்ண ஒட்டுச்சீட்டுகள் தேவைப்பட்டன. அத்தேவை அச்சகங்களை வளர்த்தது. பின்னர் நாட்காட்டிகள் பெருகின. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வ உருவங்கள் நாட்காட்டிகளாக அச்சேறி வீடுதோறும் சென்றன. அன்று அச்சகத்தின் கையில் முழுமையான ஓர் ஓவியம் இருந்தது. இன்று அச்சகத்திற்கு வருவது ஒரு கோப்பு. அக்கோப்பில் உள்ள புள்ளிகளே மூலம்.

எத்தனை புள்ளிகள் வேண்டும்?

தரமான வழவழப்புத் தாளில் ஓர் அங்குலத்திற்கு 150 வரிசை ஆஃப்டோன் புள்ளிகளை அச்சிடுவது வழக்கம். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு படப்புள்ளிகள் இருப்பது பாதுகாப்பானது. எனவேதான், அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் என்னும் அளவு அச்சுத்துறையில் நிலைபெற்றது. இவ்வாறு ஓர் அங்குலத்தில் அமையும் படப்புள்ளிகளின் எண்ணிக்கையே பிரிதிறன். செய்தித்தாளின் தாள் மையை உறிஞ்சிப் பரப்புவதால் அங்குப் பருமனான புள்ளிகளே பயன்படுகின்றன. அதற்கு 200 படப்புள்ளிகள் போதும்.

கணக்கு எளியது. படத்தின் அகலத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை, அச்சிட வேண்டிய அகலத்தின் அங்குல அளவால் வகுத்தால் பிரிதிறன் கிடைக்கும். 4,000 × 3,000 புள்ளிகள் கொண்ட படத்தை 8 அங்குல அகலத்தில் அச்சிட்டால் பிரிதிறன் 500. இது தேவைக்கும் மிகுதி. அதையே 20 அங்குல அகலமுள்ள நாட்காட்டியாக அச்சிட்டால் 200. சுவரில் தொங்கும் நாட்காட்டி சற்றுத் தள்ளி நின்று பார்க்கப்படுவதால் இதுவும் ஏற்கத்தக்கதே.

அதே படம் செய்திச் செயலி வழியாகச் சுருக்கப்பட்டு 1,600 × 1,200 புள்ளிகளாக அச்சகத்தை அடைந்தால், 20 அங்குல அகலத்தில் அதன் பிரிதிறன் 80 மட்டுமே. 1 கோடியே 20 இலட்சமாக இருந்த புள்ளிகள் 19 இலட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்துவிடுகின்றன. கைப்பேசித் திரை சிறியதாகையால் அங்கு இவ்விழப்பு தெரிவதில்லை. தாளில்தான் அது வெளிப்படுகிறது.

> தெரியுமா?
> கோப்பின் பண்புகளில் "72" என்றோ "300" என்றோ காணப்படும் எண், படத்தின் தரத்தைக் குறிப்பதில்லை. எந்த அளவில் அச்சிடலாம் என்பதற்கான ஒரு குறிப்புச்சீட்டே அது. 4,000 புள்ளி அகலமுள்ள படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் அப்படம் நல்ல படமே. 600 புள்ளி அகலமுள்ள படத்தில் 300 என்று மாற்றி எழுதினாலும், 2 அங்குல அகலத்திற்கு மேல் அது தெளிவாக அச்சேறாது.

குறையின் மூலத்தை அறிதல்

நோயின் காரணத்தை அறியாமல் மருந்திடலாகாது. மங்கலான படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் பல்வேறு குறைகள் அடங்கியுள்ளன. படத்தைக் கணினியில் அதன் முழு அளவில், அதாவது ஒரு படப்புள்ளி திரையின் ஒரு புள்ளியாகத் தெரியும் நிலையில், பெரிதாக்கிப் பார்த்தால் அவை தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

சாய்கோடுகள் படிக்கட்டுகளாகத் தெரிந்தால் படப்புள்ளிகள் போதவில்லை என்பது பொருள். மூலக்கோப்பைப் பெறுவதோ, அச்சிடும் அளவைக் குறைப்பதோதான் இதற்குத் தீர்வு.

படம் முழுவதும் சிறுசிறு சதுரங்கள் தெரிந்தால் குறை சுருக்கத்தில் உள்ளது. ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டு என்னும் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத விவரங்களை நீக்குகிறது. மிகுதியாகச் சுருக்கினால் கட்டங்களின் எல்லைகள் வெளியே தெரியும். திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்கும்போதும் இழப்பு கூடும். எனவே, மூலத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு, படியில் மட்டுமே திருத்தம் செய்தல் வேண்டும்.

எல்லா விளிம்புகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் எடுத்தவரின் கை அசைந்திருக்கிறது. பின்புறச் சுவர் தெளிவாகவும் முன்னுள்ள சேலை மங்கலாகவும் இருந்தால் குவியம் தவறியிருக்கிறது. நிழற்பகுதிகளில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை. இம்மூன்று குறைகளும் பிரிதிறனைச் சார்ந்தவையல்ல. எத்தனை கோடிப் புள்ளிகள் இருந்தாலும் நீங்கா. வெளிச்சமுள்ள இடத்தில், கருவியை அசையாமல் நிறுத்தி, மீண்டும் எடுப்பதே வழி. எண்ம முறையிலான ஜூம் வசதியும் இவ்வாறே ஏமாற்றும். அது பொருளை அருகில் கொண்டுவருவதில்லை. படத்தின் நடுப்பகுதியை வெட்டியெடுத்துப் பெரிதாக்குகிறது. எடுப்பவர் இரண்டடி முன்னே நடப்பது அதனினும் நன்று.

துணியைப் படம் எடுக்கும்போது தனித்தன்மையுள்ள இன்னொரு குறை தோன்றும். சேலையில் இல்லாத அலையலையான கோலங்கள் படத்தில் தெரியும். இழைகளின் ஒழுங்கும் படப்புள்ளிகளின் ஒழுங்கும் ஒன்றோடொன்று மோதுவதால் விளைவது இது. ஓர் இழையைப் பிரித்துக் காட்டக் குறைந்தது இரண்டு படப்புள்ளிகள் வேண்டும். அங்குலத்திற்கு 80 இழைகள் கொண்ட துணியில் 20 அங்குல அகலத்தைப் படமெடுத்தால், அங்கு 1,600 இழைகள் இருக்கும். 1,600 புள்ளி அகலமுள்ள படத்தால் அவற்றைப் பிரித்துக்காட்ட இயலாது, அலைக்கோலமே மிஞ்சும்.

இதற்கும் தீர்வு உண்டு. முழுச்சேலையை ஒரு படமாகவும், 4 அங்குலப் பகுதியை மட்டும் மிக அருகிலிருந்து இன்னொரு படமாகவும் எடுக்கலாம். அந்த 4 அங்குலத்தில் 320 இழைகளே உள்ளன. அதை 8 அங்குலமாகப் பெரிதாக்கி, 300 பிரிதிறனில் அச்சிட்டால் அகலத்தில் 2,400 புள்ளிகள் அமையும். ஓர் இழைக்கு ஏழுக்கும் மேற்பட்ட புள்ளிகள். நெசவாளர் கையின் நேர்த்தி அப்போது தாளில் தெரியும்.

இல்லாததைப் படைக்க இயலுமா?

புள்ளிகள் குறைந்த படத்தை மென்பொருளால் பெரிதாக்கலாம். பழைய முறை, அருகருகே உள்ள இரு புள்ளிகளின் நிறங்களுக்கு இடைப்பட்ட நிறத்தைக் கணக்கிட்டு நடுவில் புதுப்புள்ளியைச் சேர்க்கும். படிக்கட்டுகள் மறையும், புதிய விவரம் எதுவும் தோன்றாது. செயற்கை நுண்ணறிவு சார்ந்த புதிய முறைகள், தாம் பயின்ற எண்ணற்ற படங்களைக் கொண்டு, இங்கு எது இருந்திருக்கக்கூடும் என ஊகித்து வரைகின்றன. விளைவு கண்ணைக் கவரலாம். ஆனால் அது ஊகம். கல்வெட்டின் மங்கிய எழுத்தையோ, மறைந்த முன்னோரின் முகத்தையோ அது தன் விருப்பப்படி திருத்திவிடக்கூடும். நெய்யப்படாத இழையைப் படத்தில் வரைந்து விற்பது வாங்குவோரை ஏமாற்றுவதாகும். அலங்காரத்திற்கு ஊகம் உதவலாம். சான்றாக நிற்க வேண்டிய படத்திற்கு உதவாது.

பழைய காகித ஒளிப்படம் ஒன்றே எஞ்சியிருக்கும் குடும்பங்கள் பல. அதைக் கைப்பேசியால் படமெடுப்பதைவிட வருடியில் வைத்து வருடுவது சிறந்தது. 3 அங்குல அகலமுள்ள ஒளிப்படத்தை 600 பிரிதிறனில் வருடினால் 1,800 புள்ளிகள் கிடைக்கும். அதனை 6 அங்குல அகலத்தில் தெளிவாக அச்சிடலாம். செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்த படமாயின் அதில் ஏற்கெனவே ஆஃப்டோன் புள்ளிகள் இருப்பதால், மீண்டும் அச்சிடும்போது அலைக்கோலம் தோன்றும். பல வருடிகளில் இப்புள்ளிகளைக் கலைக்கும் வசதி உள்ளது. அதைப் பயன்படுத்துதல் நலம்.

தொலைவும் தெளிவும்

எல்லாவற்றிற்கும் 300 தேவை என்பதும் தவறு. இயல்பான பார்வையுடையவர் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறிவார். 12 அங்குலத் தொலைவில் வைத்துப் படிக்கும் ஏட்டிற்கு இது அங்குலத்திற்கு ஏறத்தாழ 286 புள்ளிகள். 10 அடித் தொலைவிலிருந்து பார்க்கும் பதாகைக்கு ஏறத்தாழ 29 போதும். 10 அடி அகலமுள்ள பதாகைக்கு 3,500 புள்ளி அகலமே நிறைவளிக்கும். திருவில்லிபுத்தூர்த் தேரோட்ட நாளில் வீதியில் நிற்கும் பெரும்பதாகைக்கும், கையில் விரித்துப் படிக்கும் விழா மலருக்கும் ஒரே படம் பயன்படுவது இதனால்தான்.

அச்சேறும் முன்

கையெழுத்துப் படியில் ஒரு பிழை இருந்தால் அது ஒரு பிழை. அச்சில் அது ஆயிரம் பிழைகளாகும். ஆகவே, தகடு உருவாகும் முன்பே சில செயல்களை முடித்தல் வேண்டும். மூலக்கோப்பைச் சுருக்காமல், ஆவணமாக அனுப்ப வேண்டும். அச்சிடும் அளவை முதலில் முடிவுசெய்து புள்ளிகளைக் கணக்கிட வேண்டும். முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்துக் குறைகளை இனங்காண வேண்டும். ஐயமுள்ள பகுதியை மட்டும் மெய்ப்பாக, உரிய அளவிலேயே தாளில் எடுத்துப் பார்க்க வேண்டும். திரையில் நிறைவளித்ததைக் கொண்டு தாளை முடிவுசெய்தலாகாது.

இவ்வுண்மையை நெசவாளர் நன்கறிவர். பாவு ஓட்டும்போதே இழைகளை எண்ணி அமைத்துவிடுவார்கள். அங்கு விடுபட்ட இழையைப் பின்னர் எத்தனை முறை ஊடையை ஓட்டினாலும் ஈடுசெய்ய இயலாது. ஒளிப்படத்திற்கும் அதுவே நெறி. எடுக்கும்போது பதியாத புள்ளியை எந்த அச்சு இயந்திரமும் தாளில் பதிப்பதில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் கைப்பேசியில் உள்ள ஒரு படத்தின் புள்ளி அளவைக் கண்டறிந்து, எந்த அளவு வரை அதனைத் தெளிவாக அச்சிடலாம் எனக் கணக்கிடுக.
2. செய்தித்தாள், நாட்காட்டி, பாடநூல் ஆகியவற்றின் படங்களை உருப்பெருக்கும் கண்ணாடியால் நோக்கி, அவற்றின் புள்ளிகளை ஒப்பிட்டு எழுதுக.
3. "தெளிவாகத் தோன்றும் படம் எல்லாம் உண்மையான படம் ஆகாது" என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.