ஆடாதோடையும் ஜலதோஷமும்

மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழியில் ஜலதோஷமும் இருமலும் கிராமங்களில் வீடுதோறும் காண்பது சகஜம். அப்போது வேலியோரத்து ஆடாதோடை இலையைப் பறித்துக் கஷாயம் வைத்து அருந்துவது நெடுங்கால வழக்கமாகும். இச்செடியை ஆடுமாடுகள் மேய்வதில்லையாதலால் வேலிக்கு இதனினும் சிக்கனமானது அரிது. தண்டுத் துண்டுகளை மழை நாளில் நட்டால் எளிதில் வேரூன்றும். தழையை நெல் வயலில் மிதித்து உரமாக்குவதும் உண்டு.

இலையின் குணம் வெறும் நம்பிக்கையன்று. உதகமண்டலத்தில் அரசாங்க ரசாயன நிபுணராயிருந்த டேவிட் ஹூப்பர், 1888-ம் வருஷத்தில் இதிலிருந்து வாசிசின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார். அதை ஆதாரமாகக் கொண்டு ஆக்கப்பட்ட புரோம்ஹெக்ஸின், கபத்தை இளக்கும் மருந்தாக 1963 முதல் வழங்கிவருகிறது.

ஆயினும் கபத்தை இளக்குவது வேறு, ஜலதோஷத்தைத் தீர்ப்பது வேறு. ஜலதோஷம் வைரஸ் கிருமிகளால் உண்டாவது. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானே நீங்கும். நான்காம் நாள் கஷாயம் குடித்தவர் ஏழாம் நாள் எழுந்து நடமாடினால் கீர்த்தி கஷாயத்தைச் சேர்கிறது! புதிய உரத்தை ஒரு வயலுக்கு இட்டு, உரமிடாத பக்கத்து வயலோடு ஒப்பிடாமல், விளைச்சல் முழுவதும் உரத்தால் வந்ததென்றால் எந்த மிராசுதாரர் ஒப்புவார்? மருந்துக்கும் அதே நியாயந்தான். அவ்வாறு ஒப்பிட்ட பரீட்சைகளில், தேன் குழந்தைகளின் இரவு இருமலை ஓரளவு தணிப்பதாகக் காண்கிறது. ஆவி பிடித்தலுக்கு அத்தகைய உறுதியான பலன் தென்படவில்லை. பானை கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதோ உண்டு.

சில எச்சரிக்கைகள் அவசியம். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யுமாதலால் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடாது. ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் தேனை நாவில் தடவவுங் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து சிசுவின் குடலில் பெருகி விஷத்தை உண்டாக்கும். பூச்சி மருந்து தெளித்த வயலையடுத்த வேலியில் இலை பறித்தலும் தகாது. பலரும் மறப்பது இதையே.

எல்லாவற்றிலும் முக்கியமானது, குழந்தையின் இருமலை எல்லாம் ஜலதோஷமென்று எண்ணிக் காலங்கழிக்கலாகாது என்பது. குழந்தை அழாமல் அமைதியாயிருக்கையில், கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணவேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, 5 வயதுக்குட்பட்டதற்கு 40, அல்லது அதற்கு மேலிருந்தாலும், மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பாகம் உள்வாங்கினாலும், அது நிமோனியாவாக இருக்கலாம். கஷாயம் கொதிக்கும்வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். வண்டி வசதியற்ற குடும்பங்களுக்குக் கிராம அதிகாரிகள் வாகனம் ஏற்பாடு செய்து கொடுப்பார்களாக.