வேலை தேடலைத் திட்டமிடுவோம்: முகையூர் வட்டாரத் தலித் பட்டதாரிகளுக்கு ஒரு வழிமுறை

விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள முகையூர் ஒன்றியத்தின் காலனிகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பெருகி வருகின்றனர். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியிலும் படித்து வெளிவரும் இவர்களுள் பலர், பட்டம் பெற்ற இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பெற்றோர் செய்த அதே கட்டட வேலைக்கோ கரும்பு வெட்டுக்கோ திரும்புவதை நாம் காண்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர். மாநிலச் சராசரியோ 20 விழுக்காடு. ஆகவே, இங்கே தலித் பட்டதாரியின் வேலையின்மை ஒரு குடும்பத்தின் துயரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மாவட்டத்தின் சமூக நீதி எந்த நிலையில் உள்ளது என்பதையும் அது காட்டுகிறது.

இந்நிலைக்குத் திறமைக் குறைவே காரணம் என்று சொல்வோர் உண்டு. விதி என்று தேற்றிக்கொள்வோரும் உண்டு. இரண்டையும் நாம் ஏற்பதில்லை. வேலை தேடுவது கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு பணி. அதற்கான அறிவு ஆதிக்கச் சாதிக் குடும்பங்களில் உறவின் வழியே இயல்பாகக் கைமாறுகிறது. நம் வீடுகளில் அதைத் திட்டமிட்டே உருவாக்க வேண்டியுள்ளது.

சமமற்ற தொடக்கம்

பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டுவெல்லும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாளேடுகளில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு, தகுதியில் ஒத்த விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். தலித் பெயர் கொண்ட விண்ணப்பதாரர் நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர் கொண்டவருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. முஸ்லிம் பெயர் கொண்டவருக்கு அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. ஆனால், அந்த இடத்தை முகவரி பிடித்துக்கொண்டது. ‘காலனி’ என்ற ஒரு சொல், சொந்த ஊரில் எந்தத் தெரு என்ற ஒரு கேள்வி, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்ற ஒரு விசாரிப்பு ஆகியவை போதும். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகள் ‘குடும்பப் பின்னணி’ என்ற பெயரில் எதை அளக்கிறார்கள் என்பதை, சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் அதே 2007-இல் பதிவு செய்தனர்.

இரண்டாவது தடை கண்ணுக்குத் தெரியாதது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970-களில் வெளியிட்ட ஆய்வில், வேலை பெற்றவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அறிமுகமானவர் வழியாகவே அதைப் பெற்றிருந்தனர். அவர்களும் நெருங்கிய உறவினராக இல்லாமல், எப்போதாவது சந்திக்கும் தூரத்து அறிமுகங்களாகவே பெரிதும் இருந்தனர். நம் சூழலில் அறிமுகம் என்பது சாதியின் எல்லைக்குள் நின்றுவிடுகிறது. அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவரைக்கூட அறியாத இளைஞருக்கு, காலியிடம் குறித்த செய்தியே மற்றவர்களுக்குப் பின்னரே வந்து சேர்கிறது.

ஒரே தேர்வை நம்பியிருத்தல்

நம் இளைஞர்கள் பலர் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வை மட்டுமே நம்பி ஆண்டுகளைக் கழிக்கின்றனர். 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 13.9 லட்சம் பேர். அதாவது, ஓர் இடத்துக்குச் சுமார் 350 பேர்.

அரசுப் பணியைக் கைவிடச் சொல்வது நம் நோக்கமன்று. 1943-இல், வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு எட்டேகால் விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான ஒதுக்கீடு கிடைத்தது. இன்று அது மத்திய அரசில் 15 விழுக்காடு, தமிழ்நாட்டில் 18 விழுக்காடு. போராடிப் பெற்ற அந்த இடங்களை நிரப்புவது நம் கடமை. ஆனால், ஒரே தேர்வின் முடிவுக்காக ஓராண்டைக் காத்திருந்தே செலவிடுவது திட்டம் ஆகாது.

முதல் மாதம்: ஆவணங்கள்

விண்ணப்பங்கள் பல, அறிவுக் குறைவால் அல்லாமல் சான்றிதழ்க் குறைவால் வீழ்கின்றன. ஆகவே முதல் மாதத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

சாதிச் சான்றிதழிலும் மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள் ஆகியவை ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். மத்திய அரசுத் தேர்வுகளுக்குச் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு வகுத்த படிவத்தில் இருக்க வேண்டும். அருந்ததியர் சமூகத்தவருக்கு, 2009 சட்டத்தின்படி மாநிலத்தின் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அவர்களது சான்றிதழில் அப்பிரிவு தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வட்டாரத்தில் வாழும் தலித் கிறித்தவர்களின் நிலை வேறு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியில் சேர்ப்பதில்லை. அவ்வநீதியை நீக்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. அது நிறைவேறும் வரை, மாநிலத் தேர்வுகளில் பிற்படுத்தப்பட்டோராகவும், மத்தியத் தேர்வுகளில் இதர பிற்படுத்தப்பட்டோராகவும் விண்ணப்பிக்க வேண்டும். பின்னதற்கு, ‘வளமான பிரிவினர் அல்லர்’ என்ற சான்று நடப்பில் உள்ளதாக இருக்க வேண்டும். பழைய சான்றால் வாய்ப்பை இழக்க நேரும்.

தமிழ்வழியில் படித்தோருக்கு மாநிலப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்திற்குப் பின், பட்டத்தை மட்டும் தமிழில் படித்தது போதாது. பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். படித்த பள்ளிகளுக்கு இப்போதே நேரில் சென்று வாங்கி வையுங்கள்.

கட்டண பாக்கிக்காகக் கல்லூரி மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தால், அது முறையன்று. மூலச் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் தம்வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் மனு அளியுங்கள். எல்லா ஆவணங்களையும் டிஜிலாக்கரிலும் ஏற்றி வையுங்கள். 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்த மாவட்டம் இது. தகரப் பெட்டியை மட்டும் நம்ப இயலாது.

ஒரே நேரத்தில் மூன்று வழிகள்

முதல் வழி, மாநில அரசுத் தேர்வுகள். நான்காம் தொகுதித் தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு 150 மதிப்பெண்கள். அதில் 60 பெறாவிட்டால் மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை. அரசுப் பள்ளியில் படித்த நம் மாணவருக்குத் தமிழே வலிமை. அதிலிருந்து தொடங்குங்கள். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் செலுத்தினால் ஐந்தாண்டுகள் செல்லும். பட்டியல் சாதியினருக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை.

இரண்டாவது வழி, மத்திய அரசுப் பணிகள். பணியாளர் தேர்வாணையம், ரயில்வே, வங்கிகள் ஆகியவற்றின் தேர்வுகளில் கணக்கும் காரணவியலும் பெரும் பங்கு வகிக்கின்றன. பாடத்திட்டத்தின் ஒரு பகுதி மாநிலத் தேர்வோடு பொதுவானது. ரயில்வே தேர்வுக்குச் செல்லும் பட்டியல் சாதி, பழங்குடித் தேர்வர்களுக்குப் படுக்கை வகுப்பில் இலவசப் பயண வசதி உண்டு. விண்ணப்பிக்கும்போதே அதைக் கோர வேண்டும்.

மூன்றாவது வழி, தொழில் பழகுநர் பயிற்சியும் தனியார் துறையும். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்பதையே நாம் அறிவோம். ஆனால், 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் 3அ பிரிவு, குறிப்பிட்ட தொழில்களுக்கான பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு அளிக்கிறது. இது தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். நம்முள் பலர் அறியாத உரிமை இது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகமும் நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் பழகுநர்களைச் சேர்க்கின்றன. ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு அதன் கடைநிலைப் பணிகளில் 20 விழுக்காடு இடங்கள் தனியே உள்ளன.

மாவட்டத்திலும் புதிய வாய்ப்புகள் வருகின்றன. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. திண்டிவனம் சிப்காட் வளாகத்தில் ஆலை அமைக்க டாபர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அரசுடன் ஒப்பந்தம் செய்தது. இங்கெல்லாம் யார் வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வாரத் திட்டம்

வேலை கிடைக்கும் வரை வேலை தேடுவதே வேலை. வாரத்தில் ஐந்து நாள் காலை நேரம் படிப்புக்கு. ஒரு நாள் விண்ணப்பங்களுக்கு. ஒரு நாள் மனிதர்களைச் சந்திக்க. கூலி வேலைக்குப் போக வேண்டியவர்கள் இதைப் பாதியாக்கிக்கொள்ளலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. ஒரு குறிப்பேட்டில் விண்ணப்பித்த நாள், பதவி, கடைசி நாள், பதிவு எண், வந்த பதில் ஆகியவற்றை எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் படித்துப் பாருங்கள். அழைப்பே வரவில்லை என்றால் விண்ணப்பத்தில் குறை. அழைப்பு வந்தும் வேலை கிடைக்கவில்லை என்றால் நேர்காணலில் குறை, அல்லது அங்கே சாதி வேலை செய்கிறது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி இலவசம். தாட்கோ நடத்தும் திறன் பயிற்சிகளையும், 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டப் பயிற்சிகளையும் விசாரியுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவர் எவராயினும் அவரிடமிருந்து விலகுங்கள்.

நேர்காணலும் அதன் பிறகும்

குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் தலைகுனியத் தேவையில்லை. “என் பெற்றோர் விவசாயத் தொழிலாளர்கள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்” என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு, உடனே பேச்சை உங்கள் திறனுக்குத் திருப்புங்கள். சாதியை நேரடியாகக் கேட்டால், வேலைக்கும் அதற்கும் உள்ள தொடர்பைப் பணிவோடு கேளுங்கள். கேள்வியையும் நாளையும் வீடு திரும்பியதும் எழுதி வையுங்கள்.

வேலை கிடைத்தால் நியமனக் கடிதம் பெறுங்கள். மூலச் சான்றிதழை ஒப்படைக்காதீர்கள். வருங்கால வைப்பு நிதி எண் தரப்பட்டதா என்று பாருங்கள். அலுவலகப் பணி என்று அழைத்து, தலித் என்று தெரிந்ததும் துப்புரவுப் பணிக்கு மாற்றினால் அதை எழுத்தில் எதிர்த்துப் பதிவு செய்யுங்கள்.

இயக்கங்களின் பணி

இவற்றையெல்லாம் ஒருவர் தனியாகச் சுமக்க முடியாது. ஆதிக்கச் சாதியினருக்கு உறவுமுறை செய்யும் பணியை நமக்கு அமைப்பு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் அரசுப் பணியிலும் தனியார் பணியிலும் உள்ள நம்மவர்களின் பட்டியலைத் தொகுப்போம். அவர்கள் மாதம் ஒருமுறை இரவுப் பாடசாலைக்கு வந்து இளையோரிடம் பேச வேண்டும். இணைய வசதி இல்லாதவர்களுக்காக விண்ணப்ப முகாம் நடத்துவோம். நிரப்பப்படாத பட்டியல் சாதியினர் இடங்கள் எத்தனை என்று துறைதோறும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்போம்.

18 விழுக்காடு என்பது நமக்கான உச்சவரம்பு அன்று. பொதுப் போட்டியில் தகுதி பெறும் பட்டியல் சாதித் தேர்வர் பொதுப் பிரிவு இடத்திலேயே வைக்கப்பட வேண்டும் என்பதை 1992-இன் இந்திரா சஹானி தீர்ப்பு உறுதிசெய்தது. பொதுப் பிரிவில் நம்மவர் ஒருவர் தேர்வாகும்போது, ஒதுக்கீட்டில் இன்னொருவருக்கு இடம் மிஞ்சுகிறது. ஆகவே குறைந்தபட்ச மதிப்பெண்ணை இலக்காகக் கொள்ளாமல் முதல் வரிசையை இலக்காகக் கொள்வோம். முகையூரில் இந்த ஆண்டு பட்டம் பெறும் மாணவர் அடுத்த ஆண்டும் கரும்புக் கொல்லையில் நிற்காதிருக்க, குறிப்பேட்டின் முதல் பக்கத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குவோம்.