அசதியும் மறதியும் சோம்பேறித்தனம் அல்ல



கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி என்று எல்லாமே சத்தமாகப் பேசுகிறோம். மாதவிலக்கு பற்றி மட்டும் கூட்டம் முடிந்த பிறகு, வாசல் ஓரமாக நின்று குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். "தேதி நெருங்கினாலே கை கால் ஓய்ஞ்சு போகுதுங்க", "தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்குதுங்க", "பீஸ் எண்ணிட்டு இருக்கும்போதே எண்ணிக்கை மறந்து போகுதுங்க" என்றெல்லாம் பல ஊர்க் குழுக்களிலும் கேட்கிறோம்.

குண்டடம் வட்டாரத்தில் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சமைத்து, கம்பெனி வண்டி ஏறி, ஒண்ணரை ஷிப்ட் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். காட்டு வேலை, மாடு கன்று பார்ப்பவர்களுக்கும் ஓய்வு கிடையாது. அந்த நாட்களில் கொஞ்சம் உட்கார்ந்தால் வீட்டில் "சோம்பேறி" என்கிறார்கள். கம்பெனியில் பீஸ் குறைந்தால் கூலி குறைகிறது. கவனம் தப்பினால் ஊசி விரலில் ஏறுகிறது. இந்த அசதிக்குக் காரணம் என்ன, நம்மால் என்ன செய்ய முடியும் என்று இந்த இதழில் பார்ப்போம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் சினைப்பைகள் உள்ளன. அவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கின்றன. ஹார்மோன் என்பது இரத்தத்தின் வழியாகப் போய் உடம்புக்குச் சேதி சொல்லும் பொருள்.

மாதவிலக்கு முடிந்ததும் ஈஸ்ட்ரோஜன் மெல்ல ஏறும். அந்த நாட்களில் பலருக்கும் சுறுசுறுப்பாக இருக்கும். அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு சினை முட்டை வெளியே வரும். அதன் பிறகு புரோஜெஸ்ட்ரோன் ஏறும். இதற்குத் தூக்கக் கலக்கம் தரும் குணம் உண்டு. உடம்புச் சூட்டையும் லேசாகக் கூட்டும். கரு தங்கவில்லை என்றால், விலக்குக்கு முந்தைய சில நாட்களில் இரண்டு ஹார்மோனும் ஒரேயடியாக இறங்கும். அப்போதுதான் அசதி, எரிச்சல், மார்பு வலி, வயிறு உப்பசம், தூக்கம் கெடுவது எல்லாம் வருகிறது. விலக்கு தொடங்கியதும் கர்ப்பப்பை சுருங்கி வயிற்று வலியும் இடுப்பு வலியும் சேர்ந்து கொள்ளும்.

40 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு மாற்றமும் உண்டு. விலக்கு நிற்பதற்குச் சில வருடம் முன்பிருந்தே ஹார்மோன் ஏறுவதும் இறங்குவதும் ஒழுங்கில்லாமல் போகும். ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும், தூக்கம் கலையும். மறுநாள் சொல்ல வந்த வார்த்தை வாயில் வராது, வைத்த சாமான் வைத்த இடம் தெரியாது. இது பைத்தியமும் அல்ல, யாரோ வைத்த செய்வினையும் அல்ல.

மூளை மங்கிவிட்டதா?

இல்லை. மாதவிலக்குச் சுழற்சியில் பெண்களின் நினைவாற்றலும் கவனமும் குறைகிறதா என்று உலகம் முழுக்கச் சோதித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நூறு ஆய்வுகளுக்கு மேல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2025இல் வெளிவந்தது. எந்த நாளிலும் பெண்களின் மூளைத்திறன் குறைவதாக உறுதியான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. "அந்த நாள்ல பொம்பளைங்களுக்குப் புத்தி வேலை செய்யாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் தலை பஞ்சு அடைத்தது போல இருப்பது பொய்யா? அதுவும் இல்லை. வலியோடும், தூக்கம் இல்லாமலும், வெறும் வயிற்றோடும், இரத்தம் குறைவாகவும் வேலை பார்த்தால் யாருக்கும் தலை கனக்கும். இவை ஒவ்வொன்றையும் சரி செய்ய வழி உண்டு.

பெரிய காரணம்: இரத்தக் குறைவு

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்த சோகை உள்ளது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்த சோகை.

ஒரு விலக்கில் சாதாரணமாக 30 முதல் 40 மில்லி இரத்தம் போகும். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகப் போக்கு. அளந்து பார்க்க முடியாது, ஆனால் அடையாளம் உண்டு. ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை துணி அல்லது நாப்கின் நனைந்து மாற்ற வேண்டி வருவது, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி கட்டியாகப் போவது, 7 நாளுக்கு மேல் நீடிப்பது ஆகியவை அதிகப் போக்கின் அடையாளங்கள். போகும் இரத்தத்தோடு இரும்புச் சத்தும் போகிறது. அதை ஈடு செய்யாவிட்டால் மாதாமாதம் கடன் ஏறுவது போல உடம்பில் பற்றாக்குறை ஏறிக்கொண்டே போகும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1979இல் வெளிவந்தது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டு இரத்தம் கூடியவர்கள் முன்பை விட அதிகக் கொழுந்து பறித்தார்கள். இரத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம். அவர்களும் நம்மைப் போலக் கூலிக்குப் பாடுபட்டவர்கள்தான். சோம்பலுக்கு மாத்திரை கிடையாது. அவர்களுக்குக் குறைந்திருந்தது இரத்தம்.

பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம்

2019ஆம் ஆண்டு தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். எல்லோருக்கும் விலக்கு வலிக்கு வேலை இடத்திலேயே மாத்திரை தரப்பட்டிருந்தது. கவரில் பெயரும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை. பெரும்பாலும் கொடுத்தவர் டாக்டரும் அல்ல, நர்சும் அல்ல. அதனால் உடம்பு கெட்டதாக அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள்.

வலி மாத்திரையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன மாத்திரையை, சொன்ன அளவில், சாப்பிட்ட பிறகு போட்டால் நன்மைதான். வெறும் வயிற்றில் அடிக்கடி போட்டால் வயிற்றுப் புண் வரும், சிறுநீரகமும் பாதிக்கலாம். கர்ப்பம் தங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம். யார் கொடுத்தாலும் "இது என்ன மாத்திரைங்க? அட்டையைக் காட்டுங்க" என்று கேளுங்கள். முதலுதவிப் பெட்டி, பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று. மாத்திரை வலியை மறைக்கும், போன இரத்தத்தைத் திருப்பித் தராது.

நாமே செய்யக்கூடியவை

* வீட்டு நாள்காட்டியில் விலக்கு வந்த நாள், நின்ற நாள், அசதியான நாட்கள் மூன்றையும் குறித்து வாருங்கள். மூன்று மாதம் போதும். விலக்குக்கு முன் அசதி வந்து, விலக்கு தொடங்கிய சில நாளில் விட்டுப் போனால் அது ஹார்மோன் மாற்றமாக இருக்கலாம். மாதம் முழுக்க அசதி என்றால் இரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு என்று வேறு காரணம் தேட வேண்டும்.
* ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். காசு வேண்டாம். எவ்வளவு என்று கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள்.
* அரசு தரும் இரும்புச் சத்து மாத்திரையைச் சொன்னபடி விடாமல் சாப்பிடுங்கள். மலம் கருப்பாகப் போகும், பயம் வேண்டாம். டீ, காபியோடு சாப்பிட்டால் சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.
* முருங்கைக்கீரை நம் வேலி ஓரத்திலேயே இருக்கிறது. கம்பு, கொள்ளு, எள், பச்சைப்பயறு, முடிந்தால் ஈரல், முட்டை, கருவாடு சேருங்கள். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று இருந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.
* காலையில் டீயும் பன்னுமாக வண்டி ஏறாதீர்கள். ஒரு சொம்பு கம்மங்கூழாவது குடித்துவிட்டுப் போங்கள்.
* கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். தண்ணீர் குறைந்தாலே தலைவலியும் கிறுகிறுப்பும் வரும்.
* அசதி நாட்களில் முடிந்தால் ஒண்ணரை ஷிப்டைத் தவிருங்கள். அன்று ராத்திரி பாத்திரத்தை வீட்டில் வேறு யாராவது கழுவட்டும். ஒரு மணி நேரத் தூக்கம் கூடக் கிடைத்தாலும் நல்லது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மேலே சொன்ன அதிகப் போக்கு இருந்தால், படி ஏறினாலே மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், விலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி இரத்தம் பட்டால் நாள் கடத்தாதீர்கள். குண்டடம் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது தாராபுரம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பார்க்கலாம். விலக்குக்கு முன் வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்தான். 104க்குப் போன் செய்தாலும் ஆலோசனை கிடைக்கும்.

"கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று ஒரே பார்வையில் யாராவது சொன்னால், குழுவில் கடன் கேட்பதற்கு முன் அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். பல பேருக்கு மருந்திலேயே சரியாகிவிடும்.

குழுவுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, வாசல் ஓரத்தில் பேசுவதை வட்டமாக உட்கார்ந்து பேசுங்கள். எல்லா உறுப்பினரும் ஒரே நாளில் போய் இரத்தப் பரிசோதனை செய்வது என்று தீர்மானம் எழுதுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் முன்னால் போனால் மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும். கணக்கு எழுதும் சகோதரிக்கு அன்று தலை கனமாக இருந்தால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கூட்டலைச் சரி பாருங்கள். மாமியாராக இருக்கும் உறுப்பினர்கள் வீட்டில் மருமகளை ஒரு வார்த்தை கேளுங்கள்: "சாப்பிட்டியா கண்ணு? ரத்தம் பார்த்தியா?"

குழு நோட்டில் கடன் பாக்கி எவ்வளவு என்று நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்றும் தெரிந்திருக்கட்டும்.