வேகமாகத் தோற்கும் செர்வர்

ரயில்வே முன்பதிவு மையம் ஒன்று, மூன்று கவுன்ட்டர். எந்த வரிசை சின்னதோ அங்கே ஆளை அனுப்ப வாசலில் ஒருவர் நிற்கிறார். இரண்டு கவுன்ட்டரில் வேலை ஒழுங்காக நடக்கிறது, ஆளுக்கு ஐந்து நிமிடம். மூன்றாவது கவுன்ட்டர்காரருக்கு லாகின் ஆகவில்லை. "இங்க ஆகாது, போங்க" என்று வருகிறவரையெல்லாம் மூன்று விநாடியில் அனுப்பிவிடுகிறார். அவர் வரிசை எப்போதும் காலி. வாசலில் நிற்பவர் அடுத்த ஆளை எங்கே அனுப்புவார்?

இதே கூத்து ஒரு கல்லூரி விண்ணப்பத் தளத்தில், கடைசித் தேதியன்று நடந்தது. அதைப் பராமரித்த குழுவில் நானும் இருந்தேன்.

முன்னால் ஹெச்ஏபிராக்ஸி என்ற லோட் பேலன்சர், பின்னால் மூன்று செர்வர். வருகிற ரிக்வெஸ்ட்டை எந்த செர்வருக்குத் தள்ளுவது என்று தீர்மானிப்பதுதான் லோட் பேலன்சரின் வேலை. எளிய வழி ரவுண்ட் ராபின்: ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று. நாங்கள் கொஞ்சம் புத்திசாலித்தனமாக 'லீஸ்ட் கனெக்ஷன்' முறையை வைத்திருந்தோம். அந்த நொடியில் யாரிடம் முடியாத வேலை குறைவாக இருக்கிறதோ அவருக்கு அடுத்தது. சில பக்கம் சட்டென்று முடியும், சில பக்கம் இழுக்கும் என்கிற தளங்களுக்குப் பொதுவாக இதுதான் நல்ல தேர்வு. இப்பவும் அதைத்தான் சொல்வேன்.

முந்தின இரவு டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றி, மூன்று செர்வரையும் ரீஸ்டார்ட் செய்திருந்தார்கள். ஒன்றில் மட்டும் பழைய கான்ஃபிக் ஃபைலே தங்கிவிட்டது. அந்த செர்வர் டேட்டாபேஸைத் தொட்டவுடனே 500 பிழையைத் திருப்பியது. நல்ல செர்வர் ஒரு விண்ணப்பத்தைச் சேமிக்க சுமார் 200 மில்லிசெகண்ட் எடுக்கும். கெட்டுப்போனது 2 மில்லிசெகண்டில் கைவிரித்துவிடும். அதாவது நல்லது ஒன்றை முடிப்பதற்குள் இது நூறைக் கெடுத்துவிடும். கூட்டம் ஏற ஏற, அநேகமாக எல்லா ரிக்வெஸ்ட்டும் அங்கேயே போய் விழுந்தது.

வேடிக்கை என்னன்னா, வெறும் ரவுண்ட் ராபினாக இருந்திருந்தால் மூன்றில் ஒன்றுதான் கெட்டிருக்கும். குருட்டாம்போக்கில் இரண்டு செர்வரை எடுத்து, அதில் வேலை குறைந்ததற்கு அனுப்பும் முறை ஒன்று உண்டு (என்ஜின்எக்ஸில் 2018-லிருந்து இருக்கிறது). அதில்கூட மூன்றில் இரண்டுக்கு மேல் போயிருக்காது.

டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. ஹெல்த் செக் கேட்டது ஒரு வெறும் ஸ்டாட்டிக் பக்கத்தை, அது டேட்டாபேஸ் பக்கமே போகாது. "சப்மிட் பண்ணா எர்ரர், திரும்பத் திரும்ப அழுத்துனா எப்பவாவது போகுது" என்று பெற்றோர்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். நாங்கள் டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டு ஒன்றரை மணிநேரம் வீணடித்தோம். கடைசியில் காட்டிக்கொடுத்தது லாக்தான். ஹெச்ஏபிராக்ஸியின் ஹெச்டிடிபி லாகில் ஒவ்வொரு வரியிலும் எந்த செர்வர் பதில் சொன்னது, எத்தனை மில்லிசெகண்டில் என்று இருக்கும். செர்வர் வாரியாக எண்ணிப் பார்த்தபோது ஒரே பெயர் கொட்டியது. லோட் பேலன்சரைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு செர்வரிடமும் நேரடியாக ஒரு விண்ணப்பத்தைப் போட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இப்போதெல்லாம் "சில சமயம் வேலை செய்யுது" என்று யாராவது சொன்னால் முதலில் அதைத்தான் செய்கிறேன்.

தேதியை ஒருநாள் நீட்டித்தார்கள், தப்பித்தோம். அந்தச் சூட்டோடு ஹெல்த் செக்கை மாற்றினோம்: டேட்டாபேஸில் ஒரு கேள்வி கேட்டு, பதில் வந்தால்தான் 'நலம்' என்று சொல்லணும். சரியான மருந்து என்றுதான் நினைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து யாரோ ஒரு பெரிய ரிப்போர்ட்டை ஓட்டினார்கள். டேட்டாபேஸ் கொஞ்ச நேரம் திணறியது. நாம் மாற்றாமல் விட்டால் ஹெச்ஏபிராக்ஸி 2 விநாடிக்கு ஒருமுறை நலம் விசாரிக்கும். தொடர்ந்து 3 முறை தவறினால் அந்த செர்வரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். மூன்று செர்வரும் கேட்பது ஒரே டேட்டாபேஸைத்தானே? மூன்றும் ஒன்றாகவே வெளியேறின. அனுப்ப ஆள் இல்லாமல் லோட் பேலன்சர் எல்லாருக்கும் 503 கொடுத்தது. டேட்டாபேஸே தேவைப்படாத 'தேவையான சான்றிதழ்கள்' பக்கம்கூடத் திறக்கவில்லை. மெதுவாக ஓடியிருக்க வேண்டிய தளத்தை நாங்களே இழுத்துப் பூட்டிவிட்டோம்.

இந்த நிலைமையில் என்ன செய்வது என்பதில் லோட் பேலன்சர்கள் ஒன்றுபோல இல்லை. தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைவிட இதைப் பார்ப்பது நல்லது. அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சர், எல்லா செர்வரும் நோயாளி என்று தெரிந்தால் எல்லாருக்குமே அனுப்பத் தொடங்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டார்கள் என்பதைவிட, விசாரித்த முறையில் கோளாறு என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற கணக்கு. என்வாய் இன்னும் முன்னாலேயே உஷாராகிவிடும்: நலமானவை பாதிக்கும் கீழே போனாலே ஹெல்த் செக்கை நம்புவதை நிறுத்திவிடும். நாம் இயக்கிவைத்தால், உண்மையான பதில்களையே கவனித்து, தொடர்ந்து 5 முறை 500 வகைப் பிழை தந்த செர்வரைத் தற்காலிகமாக ஒதுக்கவும் செய்யும். எங்கள் விண்ணப்ப நாளில் அது இருந்திருந்தால் பெற்றோர்கள் போன் செய்வதற்கு முன்பே அடங்கியிருக்கும்.

ஹெல்த் செக்கில் இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கோளாறு உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா? கான்ஃபிக் தப்பு, டிஸ்க் நிரம்பியது, ப்ராசஸ் உறைந்துபோனது எல்லாம் ஒரு செர்வரின் சொந்த நோய். அதை வெளியே எடுத்தால் மற்றவை சமாளிக்கும். டேட்டாபேஸ் திணறினால் யாரை எடுத்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் செர்வர் எழும்போது மட்டும் ஒருமுறை டேட்டாபேஸில் லாகின் ஆகிக் காட்ட வேண்டும், ஆகாவிட்டால் வரிசையில் சேர முடியாது. அதற்குப் பிறகு அதன் சொந்த விஷயங்களை மட்டும் விசாரிக்கிறோம். டேட்டாபேஸ் படுத்தால் லோட் பேலன்சருக்குச் சொல்வதில்லை, எங்கள் போனுக்கு அலாரம் வருகிறது.